குழாயடியும் படிக்கட்டும்

நினைவு மலர் ஒன்றுக்கு எழுதிய கட்டுரையை, அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் தரும்படி நண்பர் ஒருவர் என்னிடம் கொடுத்தார். விஷயம், ராஜாஜி. தலைப்பு, 'நகரசபை முதல் நாடாளுமன்றம் வரை'. நண்பர் நம் வட்டத்தைச் சேர்ந்தவர்தான். கவிதையில் ஒரு சொல் அதிகப்படியாக விழுந்துவிட்டால் அன்றிரவு தூங்காதவர். இந்தக் கட்டுரையில் 'படிப்படியாக உயர்ந்து' என்ற தொடர் நான்கு இடங்களில் வருகிறது. நான்கு இடத்திலும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

திருப்பிக் கொடுக்கும்போது வாயால் சொன்னேன். உறைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எதிர்ப்பது ராஜாஜியை அல்ல. அவரைத் துதிக்கவும் திட்டவும் இங்கே ஆள் பஞ்சம் இருந்ததில்லை. நான் எதிர்ப்பது அந்தத் தொடரை. வெறும் தேய்ந்த தொடராக இருந்தால் சிவப்பு மசியால் அடித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அது ஒரு பார்வை. அந்தப் பார்வை நம் ஊர்களுக்குச் செய்திருக்கும் சேதம் சாதாரணமானதல்ல என்பது என் கட்சி.

முதலில் ஏணியை நிறுத்திப் பார்த்துவிடுவோம். 1878-ல் அன்றைய சேலம் ஜில்லாவில், ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறப்பு. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில். 1911-ல் சேலம் முனிசிபாலிட்டியில் அங்கத்தினர். 1917-ல் சேர்மன். 1919-ல் சென்னைக்குக் குடிபெயர்ச்சி. 1937-ல் மாகாணப் பிரதமர். 1947-ல் மேற்கு வங்க கவர்னர். 1948-ல் கவர்னர் ஜெனரல். 1950-ல் மத்திய மந்திரிசபை. அந்த டிசம்பரில் படேல் மறைந்ததும் உள்துறை. 1952-ல் சென்னை முதலமைச்சர். 1954-ல் ராஜினாமாவும் பாரத ரத்னாவும். 1959-ல் சுதந்திராக் கட்சி. 1972 டிசம்பரில் மறைவு.

இந்த வரிசையில் பொய் எதுவும் இல்லை. வரிசைதான் பொய். ஒவ்வொன்றும் அடுத்ததற்காக நடந்தது போன்ற பிரமையை அது உண்டாக்குகிறது. நண்பரின் கட்டுரையில் சேலத்துக்கு ஒன்றரைப் பத்தி. 'நிர்வாகத்தில் அவர் பயிற்சி பெற்றது இங்கேதான்' என்று அது முடிகிறது. ஒரு ஊரின் குடிதண்ணீரும் சாக்கடையும் தெருவிளக்கும், பிற்பாடு கவர்னர் ஜெனரலாகப் போகிற ஒருவருக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தனவாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் பங்களாவுக்குக் குடிபோவதைப் பார்த்துச் சிரிக்கிற நாம், வாழ்க்கை வரலாறு என்றதும் அதே கதையமைப்பை வாய் பிளந்து ஒப்புக்கொள்கிறோம்.

எனக்கு அந்த ஒன்றரைப் பத்திதான் முக்கியம். மிச்சம் இருபது பத்திகளும் அதற்கு அடிக்குறிப்பு என்றே படுகிறது.

சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்ட பனமரத்துப்பட்டி ஏரி 1911-ஆம் வருஷத்தியது. ராஜாஜி முனிசிபாலிட்டிக்குள் நுழைந்த அதே வருஷம். ஆக, அவர் சேர்மனானபோது குழாய்த் தண்ணீர் என்பது ஊருக்குப் புது விஷயம். கிணறு ஜாதிக்கொன்றாக இருக்கலாம். குழாய் அப்படி இருக்க முடியாது. தெருவுக்குத் தெரு தண்ணீர் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் வேளாவேளைக்கு வந்து வால்வைத் திருக வேண்டும். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அவரைத் 'தண்ணி விடுறவர்' என்கிறோம். அக்ரகாரத்துக்குத் தண்ணீர் விடும் அந்த வேலைக்கு, அன்று பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களில் ஒருவரைச் சேர்மன் நியமித்தார். அக்ரகாரம் கொதித்தது. சேர்மன் அசையவில்லை. நகரசபைக்கு முதல்முறையாகத் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து ஒரு அங்கத்தினர் வந்ததும் அவர் காலத்தில், அவர் முயற்சியால்தான்.

இதை ஒரு கவிதையை அணுகுகிற சிரத்தையோடு கொஞ்சம் அணுகிப் பார்க்கச் சொல்கிறேன். இதில் சட்டம் இல்லை. பிரசங்கம் இல்லை. போலீஸ் இல்லை. ஒரு ஆள், ஒரு திருகுசாவி, ஒரு தெரு. தெருக்காரர்களுக்கு இரண்டே வழி: குடிப்பது, அல்லது தாகத்தோடு இருப்பது. குடித்தார்கள். ஆசாரத்தின் தொண்டை எவ்வளவு சீக்கிரம் வறளும் என்பதைச் சேர்மன் அறிந்திருந்தார், ஏனென்றால் அது அவருடைய சொந்தத் தொண்டை. கோபித்துக்கொண்டவர்கள் அவர் ஜாதிக்காரர்கள், கோர்ட்டில் கூட உட்காருகிறவர்கள், கல்யாணத்திலும் கருமாதியிலும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். அவர் பிடிவாதத்துக்கு எதிரே முகங்கள் இருந்தன. அதற்கான விலையை அவரே, அவர் தெருவிலேயே, அன்றன்றைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விட்டவர் கொடுத்த விலை என்ன என்பதை நம்மில் ஒருவரும் விசாரித்ததில்லை. வீட்டுத் திண்ணைகளிலிருந்து விழுந்த பார்வைகளுக்கு நடுவே தினமும் குனிந்து சாவியைத் திருகியவர் அவர்தான். ஏணி வரலாற்றில் அவருக்குப் பெயர் கிடையாது. ஏறாதவனுக்கு ஏது வரலாறு?

இனி மேல்படிகளுக்குப் போவோம்.

1937. ஜார்ஜ் கோட்டை. பிரதமரானவர் தம் ஜில்லாவை மறக்கவில்லை. அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு, மாகாணத்திலேயே முதலில் சேலத்தில். இது திடீர் ஞானோதயமல்ல. 1925 முதல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்து, இந்தச் சுற்றுவட்டத்துக் கள்ளுக்கடைகளையும் அவற்றின் வாசலில் நின்ற பெண்களையும் கண்ணால் பார்த்தவர். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். கல்கி அதில் உதவி ஆசிரியராக வேலை பார்த்தார். ஆக இந்தப் படியில் முகங்கள் முழுசாக மறைந்துவிடவில்லை. ஆனால் திட்டம் இப்போது சாவியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. கலால் வருமானம் போயிற்று. ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. பிறகு நடந்தது நாமறிந்தது. 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே நடத்துகிறது. விற்பனை வரி மட்டும் விடாமல் வளர்ந்து, 2017-ல் ஜி.எஸ்.டி.க்குள் பெரும்பகுதி கரைந்தது. மருந்து போயிற்று, மருந்துக்காகப் பட்ட கடன் நிலைத்தது.

அதே ஆட்சியில் கட்டாய ஹிந்தி. மறியல் செய்தவர்கள்மீது கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. பிரிட்டிஷார் கையில் இருந்தபோது காங்கிரஸ்காரர்கள் எதை அடக்குமுறை என்றார்களோ அதே சட்டம். கைதான நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்தார்கள். சேலத்தில் எதிர்த்தவர்கள் கதவைத் தட்டியிருப்பார்கள். கோட்டையில் எதிர்த்தவர்கள் பட்டியலில் எண்களாக இருந்தார்கள்.

அடுத்தது டெல்லி, 1951. நண்பரின் கட்டுரையில் இந்தப் பத்து மாத உள்துறைக் காலத்துக்கு 'பாராளுமன்றத்தில் அவரது வாதத்திறமை அனைவரையும் கவர்ந்தது' என்று ஒரு வரி. எதற்காக வாதாடினார் என்று அவர் எழுதவில்லை. நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது அது. ஆட்சேபகரமான விஷயங்களை வெளியிடும் பத்திரிகைகள், அச்சகங்கள் குறித்த மசோதாவை அவர்தான் சபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 'ஆட்சேபகரமானது' என்று முடிவானால் அச்சகத்திடம் ஜாமீன் தொகை கேட்கலாம். நியாயமாகச் சொல்வதானால், அதற்குமுன் இருந்த 1931-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டத்தைவிட இது மேல். முடிவு அதிகாரியின் கையிலிருந்து நீதிபதியின் கைக்குப் போனது. ஆனாலும், ஜாமீன் கேட்பதென்றால் பெரிய தினசரிக்கு அது ஒரு நாள் விளம்பர வருமானம். கடன் வாங்கி முந்நூறு பிரதி அடிக்கிறவனுக்கு அது சாவுச் சீட்டு. சட்டம் 1956-ல் காலாவதியாயிற்று என்பது நம் அதிர்ஷ்டம். 1916-ல் இதே சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் வைத்து, விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்குச் சின்னப் பத்திரிகை ஒன்று நடத்தியவர், முப்பத்தைந்து வருஷம் கழித்துச் சின்னப் பத்திரிகைக்காரனின் அச்சகத்தின்மீது ஜாமீன் தொகையை நிறுத்துகிறார். இதன் பெயர் 'படிப்படியாக உயர்ந்து'.

1952. காங்கிரசுக்குச் சென்னைச் சட்டசபையில் 375-க்கு 152 இடங்கள்தான். பெரும்பான்மை இல்லை. ராஜாஜியைக் கூப்பிட்டார்கள். அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீ பிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். நியமன அங்கத்தினராகவே முதலமைச்சரானார். இந்த நியமன இடங்கள் யாருக்காக என்று அரசியல் சட்டம் 171-ஆவது ஷரத்தில் சொல்கிறது: இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் விசேஷ ஞானமோ அனுபவமோ உள்ளவர்களுக்கு. அதாவது, எழுத்தாளனுக்கென்று இந்த தேசம் போட்டுவைத்த நாற்காலிகளில் ஒன்று. அதை எடுத்துப்போய்க் கோட்டைச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு அவமானமாக இருந்தது? அவரும் எழுத்தாளர்தானே, 1958-ல் 'சக்கரவர்த்தித் திருமக'னுக்குச் சாகித்ய அகாதெமி பரிசே கொடுத்தார்களே என்பார் நண்பர். அவர் எழுத்தாளர்தான். ஆனால் அந்த நாற்காலியில் எழுத்தாளராக உட்காரவில்லை.

இன்னொன்று. 1921 டிசம்பரிலிருந்து வேலூர் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பில், சுயராஜ்யம் வந்ததும் தேர்தலும் அதன் ஊழல்களும் பணத்தின் அதிகாரமும் ஜனங்களின் வாழ்க்கையைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே கணித்தவர் அவர். எத்தனை பேர் இதைத் தீர்க்கதரிசனம் என்று மேற்கோள் காட்டிவிட்டார்கள்! தீர்க்கதரிசிக்கு ஒரு கடமை உண்டு. தேர்தல் கெட்டுப்போகும் என்று தெரிந்தவன் தேர்தலில் நின்று அதைக் கெடாமல் பார்த்திருக்க வேண்டும். சுற்றுவழியாக உள்ளே வந்தால், கெட்டுப்போகும் என்ற கணிப்புக்கு அவனே ஒரு சாட்சியாகிறான். அவருக்குப் பின் 1954-ல் முதலமைச்சரான காமராஜும் அந்த நேரம் சட்டசபை அங்கத்தினர் அல்ல. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து உள்ளே போனார். வித்தியாசம் ராஜதந்திரத்தில் இல்லை, ருசியில் இருக்கிறது.

1953. குலக்கல்வி என்று எதிரிகள் பெயர் வைத்த ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப்புறப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பாதிப் பொழுதுதான் படிப்பு. மீதிப் பொழுது அப்பன் தொழில். சட்டசபையில் முன்கூட்டி விவாதிக்காமலே உத்தரவு போயிற்று. திட்டத்துக்குக் காரணங்கள் சொன்னார்: கட்டடம் போதாது, வாத்தியார் போதாது, இரண்டு வேளையாகப் பிரித்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம். கணக்காகப் பார்த்தால் பொய் இல்லை. ஆனால் சேலத்தில், பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டு அக்ரகாரத்தின் சாவியைக் கையில் கொடுத்தவர் இவர். அதே மனுஷன் முப்பத்தைந்து வருஷம் கழித்து, அந்தச் சாவிக்காரரின் பேரன் மத்தியானத்துக்குமேல் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்கிறார். இந்தப் பேரன் வெறும் உருவகம். உருவகம் என்பதால் பொய்யாகிவிடாது.

இரண்டு ராஜாஜிகள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரே ராஜாஜிதான், ஒரே குணம்தான்: உனக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியும், நீ கத்தினாலும் நான் அசைய மாட்டேன் என்கிற பிடிவாதம். சேலத்தில் அது தைரியமாக இருந்தது. கோட்டையில் அதிகாரமாயிற்று. டெல்லியிலும் மறுபடி கோட்டையிலும் அலட்சியமாயிற்று. குணம் மாறவில்லை, தூரம் மாறியது. எதிரே இருந்த முகம் போய்விட்டது. சொந்த ஜாதிக்கு எதிராகக் காட்டிய பிடிவாதத்தை, முகம் தெரியாத பிள்ளைகளுக்கு எதிராகக் காட்டும்போது விலை கொடுப்பவர் மாறிவிடுகிறார். இது உயர்வா?

இதற்கு வரக்கூடிய ஆட்சேபணை எனக்குத் தெரியும். மேலே போகாமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டத்தைச் சேலம் சேர்மன் போட்டிருக்க முடியுமா? முடியாது. ஒப்புக்கொள்கிறேன். 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தாரே, அதையும் ஒப்புக்கொள்கிறேன், துணிச்சலான காரியம். ஆனால் ஆலயப் பிரவேசம் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் போனார். போன பிறகுதான், போனவர்களையும் விட்டவர்களையும் வழக்கிலிருந்து காக்க அவசரச் சட்டமும் பின்னால் சட்டமும் வந்தன. முதலில் கால், பிறகு சட்டம். வாசற்படியைத் தாண்டிய காலுக்குப் பின்னால் சட்டம் ஓடிவரும்போது அது நல்ல சட்டமாக இருக்கிறது. கால் எதுவும் நகராதபோது மேலிருந்து இறங்குகிற சட்டம் பிள்ளைகளின் மத்தியானத்தைப் பிடுங்குகிறது. ஆக, ஆட்சேபணை என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது.

சேலத்தை விட்டு 1919-ல் அவர் போனதைக் குறை சொல்ல மாட்டேன். ரௌலட் சட்டத்துக்கு எதிராக காந்தி கூப்பிட்ட காலம். பக்கத்தில் ஈரோட்டிலும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சேர்மனாக இருந்து ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த ஈ.வெ.ரா. பதவியை உதறிவிட்டுக் காங்கிரசுக்கு வந்தார். வரவழைத்ததில் ராஜாஜிக்குப் பங்குண்டு. நாற்பது மைல் இடைவெளியில் இரண்டு சேர்மன்கள், இருவருக்கும் தண்ணீர்ப் பிரச்னை, இருவருக்கும் தங்கள் ஜாதியோடு சண்டை. ஒருவர் ஏணியில் உச்சி வரை ஏறினார். இன்னொருவர் எந்தச் சட்டசபைத் தேர்தலிலும் நிற்காமல் ஏணியையே உதைத்தார். ஆனால் இரண்டு பேரில் எவரும் நகரசபைக்குத் திரும்பவில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் முதலமைச்சராக வந்ததை 'ஒரு படி இறங்கி வந்த பெருந்தன்மை' என்று இன்றும் புகழ்கிறார்கள். இறங்க ஆரம்பித்தவர் சேலம் வரை இறங்கியிருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடி செய்வதுதான் ஏணியின் வேலை.

இது ஒரு தனிமனிதரின் கோளாறும் இல்லை. அந்தத் தலைமுறையே முனிசிபாலிட்டியில் பிறந்தது. படேல் ஆமதாபாத் நகரசபைத் தலைவர், நேரு அலகாபாத்தில், ராஜேந்திர பிரசாத் பாட்னாவில், சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் மேயர், சுபாஷ் போஸ் அங்கேயே தலைமை நிர்வாக அதிகாரி, எல்லாம் 1920களில். இவர்களில் உயிரோடு இருந்தவர்கள் பின்னால் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார்கள், பிரசாத்தான் தலைவர். தாங்கள் பிறந்த வீட்டுக்கு என்ன செய்தார்கள்? கிராமப் பஞ்சாயத்துக்கு, கோர்ட்டில் கேட்க முடியாத 40-ஆவது ஷரத்தில் ஒரு நல்லெண்ண வாக்கியம். முனிசிபாலிட்டிக்கு அதுவும் இல்லை. மாகாணங்களின் அதிகாரப் பட்டியலில் ஒரு வரியாகத் தள்ளிவிட்டார்கள். 1992-ல் 73, 74-ஆவது திருத்தங்கள் வரும்வரை நாற்பது வருஷம் ஸ்தல ஸ்தாபனத்துக்கு அரசியல் சட்டத்தில் உருப்படியான இடம் கிடையாது. ஏறி முடித்தவர்களுக்குக் கீழ்ப்படியின் ஞாபகம் இப்படித்தான் இருக்கும். விருதுநகர் நகரசபைக்கு 1941-ல் காமராஜ் சிறையில் இருந்தபடியே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், வெளியே வந்ததும் முழுசாகச் செய்ய முடியாத வேலையை வைத்துக்கொள்ளக் கூடாதென்று ராஜினாமா செய்ததும் எனக்கு மதிப்புக்குரியவையாக இருப்பது இதனால்தான். அவர் அதைப் படியாகக் கருதவில்லை, வேலையாகக் கருதினார்.

இனி என் சங்கதி. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஒன்றியம் என்பது முக்கியமில்லை. தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் இல்லாத காலங்களில் அரசாங்கம் தனி அலுவலரைப் போடும். மன்றத்தின் அதிகாரம் முழுவதும் அவருக்கு. தீர்மானப் புத்தகத்தில் பொருள், அலுவலகக் குறிப்பு, தீர்மானம் என்று பத்திகள் இருக்கும். பொருளை வைப்பது அவர் அலுவலகம். குறிப்பு எழுதுவது அவர் அலுவலகம். தீர்மானம் அவர் கையெழுத்து. 'அனுமதிக்கப்பட்டது.' மாதாமாதம் அந்தப் புத்தகத்தை என் கையால் எழுதியிருக்கிறேன். எதிர்ப்பு என்று ஒரு வரி வந்ததில்லை. எதிர்க்க முகமில்லை. இதைவிடச் சுத்தமான தனிமொழியை நம் நவீன நாடகக்காரர்கள்கூட எழுதியதில்லை.

இது அபூர்வமான நிலைமை என்று எண்ண வேண்டாம். இந்த மாநிலத்தில் 1986-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்தது 1996-ல்தான். 2016-ல் நடந்திருக்க வேண்டியது, எங்கள் சேலம், நாமக்கல் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தது; நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். கிராமங்களில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர். சட்டசபைத் தேர்தல் இப்படி ஐந்தாறு வருஷம் தள்ளிப்போயிருந்தால் தேசமே கூச்சல் போட்டிருக்கும். நகரசபை இல்லாமல் போனால் யாரும் கூச்சல் போடுவதில்லை, கீழ்ப்படிதானே! ஏறப் போகிறவனுக்கு அது கால் வைக்க மட்டும் வேண்டும். ஏறாத நமக்கோ அது கண்ணிலேயே படுவதில்லை.

பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக்கருவேலம் மண்டியது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வருகிற திருமணிமுத்தாறு, ஊரின் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டு எங்கள் நாமக்கல் சமவெளி வழியாகப் போய்க் காவிரியில் விழுகிறது. 1866-ல் முனிசிபாலிட்டியாக இருந்த சேலம் 1994-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. படிப்படியாக.

நம்மவர்கள் சொல்வது என் காதில் விழுகிறது. சிறுபத்திரிகைக்கு இந்தக் குழாய்ச் சண்டை எதற்கு? இலக்கியத்தின் தளம் வேறு. 1968-ல் 'நடை' இதே சேலத்திலிருந்துதான் வந்தது. அது கவிதையின் நடையைப் பற்றிக் கவலைப்பட்டது, நகரசபையைப் பற்றி அல்ல. சரிதான். ஆனால் அந்தக் கவலையின் அர்த்தம் என்ன? பெரிதாக ஒலிக்கிற சொல்லை நம்பாதே, கைக்குத் தட்டுப்படுகிற சொல்லை நம்பு என்பதுதானே? சந்தத்தின் உயரத்தில் அர்த்தம் காணாமல் போவதைக் கண்டுபிடித்தவர்களுக்கு, பதவியின் உயரத்தில் மனுஷ முகம் காணாமல் போவது தெரியாமல் போனால், நாம் கற்றது பாட்டுக் கட்டுகிற தொழில்நுட்பம் மட்டும்தான். அகில இந்தியப் பரிசு, அதற்குமேல் அயல்நாட்டு மொழிபெயர்ப்பு என்று நாமும் ஒரு ஏணியை வைத்துக்கொண்டு, முந்நூறு பிரதியைக் கீழ்ப்படி என்று மனசுக்குள் நினைப்பது எனக்குத் தெரியாதா? சிறுபத்திரிகை கீழ்ப்படியல்ல, சேலம் முனிசிபாலிட்டியும் அப்படித்தான். எதிரே முகம் இருக்கிற இடம் அது. எழுதினால் நாளைக்கே ஒருவர் வந்து கதவைத் தட்டிச் சண்டை போடுகிற தூரம்.

நண்பர் இதைப் படித்துவிட்டு வருவார் என்று எதிர்பார்க்கிறேன். வரும்போது கட்டுரையின் கைப்பிரதியையும் கொண்டுவரட்டும். சேலத்துக்கு இருபது பத்தி, மற்றதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை என்று மாற்றி எழுதினால் தலைப்பை நானே யோசித்துத் தருகிறேன். அவருக்கு உதவும் என்று ஒரு தகவல்: எங்கள் தெருவில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. தண்ணீர் விடுகிறவர் விடியுமுன் சைக்கிளில் வந்து, மூடியைத் தூக்கி, குழிக்குள் கையை விட்டு வால்வைத் திருகுவார். ஒப்பந்தக் கூலி. இந்தத் தெருவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. போன வாரம்தான் அவர் பெயரைக் கேட்டேன். ஆறு வருஷம் கேட்கத் தோன்றாதவன் எழுதியது இது என்பதையும் அவர் மனசில் வைத்துக்கொள்ளட்டும்.